எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: வீட்டுக்கு வந்த பிறகு யார் பார்ப்பது?

புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் 2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த பம்மலில் உள்ள தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்தார். உயிரோடு வீடு திரும்பவில்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை விசாரணைக் குழு அமைத்தது. மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. அறுவை அரங்கில் என்ன வசதி இருந்தது, அவசரத்துக்கு என்ன ஏற்பாடு இருந்தது என்று சில நாள்கள் எல்லோரும் பேசினோம். அவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தாம். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து ஊர் திரும்புகிறவர்களை அடுத்த பத்து, இருபது ஆண்டுகளுக்கு யார் பார்த்துக்கொள்வது?

சேலம், நாமக்கல் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். இங்கிருந்து இத்தகைய சிகிச்சைக்குப் போகிறவர்களில் பலர் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவைக்கோ, 340 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்கோ போகிறார்கள். மூன்று, நான்கு நாளில் திரும்பிவிடுகிறார்கள். ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ இரவு பதினொரு மணிக்கு வாந்தி நிற்காமல் போனால் ஓடுவது பக்கத்துத் தெரு கிளினிக்குக்குத்தான். அங்கே இருக்கும் மருத்துவருக்கு அந்த வயிற்றுக்குள் என்ன மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரியாது. நோயாளிக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் தொடர் கவனிப்பின் இடம் என்ன என்று புரிந்துகொள்ள, இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துபோன ஒரு முறையைப் பார்ப்பது நல்லது. இரைப்பை வளையம். மருத்துவர்கள் பேச்சில், ‘பேண்ட்’.

வளையம் வந்த கதை

இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி சிலிக்கானால் ஆன வளையம் ஒன்றைப் பொருத்துவார்கள். இரைப்பையில் வெட்டு கிடையாது, தையலிட்டுக் குடலோடு இணைப்பது கிடையாது. வளையத்துக்கு மேலே சின்னதாக ஒரு பை போன்ற பகுதி உருவாகும். சாப்பிட்டது அங்கே தங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கும். கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்று தோன்றும். வளையத்தின் உள்பக்கம் சைக்கிள் டியூப் போல உப்பக்கூடியது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தசைமேல் தைத்து வைத்திருக்கும் சிறிய ‘போர்ட்’டில் முடியும். போர்ட்டுக்குள் ஊசி குத்தி சலைனை ஏற்றினால் வளையம் இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும்.

1980களின் மத்தியில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இந்த இறுக்கித் தளர்த்தும் வளையம் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவானது. 1993இல் பெல்ஜியத்தில் மிடிகு பெலாசேவ் அதை சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் பொருத்தினார். 2001 ஜூனில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதன்பின் பத்து ஆண்டுகள் பேண்ட்டுக்குப் பொற்காலம். நம் நாட்டின் பெருநகரங்களிலும் பேண்ட் பொருத்தினார்கள். அமெரிக்க எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2011இல் அந்நாட்டில் நடந்த இவ்வகை அறுவை சிகிச்சைகளில் 35.4 சதவீதம் பேண்ட். 2019இல் அது 0.9 சதவீதம்.

எட்டே ஆண்டுகளில் இந்தச் சரிவு ஏன் வந்தது என்பதைப் பார்க்கும் முன், பேண்ட் வைத்துக்கொண்டவரின் முதல் ‘அட்ஜஸ்ட்மென்ட்’ நாள் எப்படிப் போகும் என்று பார்த்துவிடலாம். முன்பு பொருத்திக்கொண்டு இன்றும் அதோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்; வெளிநாட்டில் பொருத்திக்கொண்டு ஊருக்கு வருகிறவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்களுக்கு, ஒரு சிகிச்சை எதை நம்பி நிற்கிறது என்று காட்டும்.

முதல் ஊசி

பேண்ட் பொருத்தும்போது பெரும்பாலும் அதை இறுக்க மாட்டார்கள். இரைப்பையின் வீக்கம் வடிந்து, வளையம் தன் இடத்தில் அமர வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இந்த இடைக்காலத்தில் பலருக்கும் வரும் பயம் ஒன்றுதான்: ‘ஆபரேஷன் பண்ணியும் பசிக்குதே, வேலை செய்யலையோ?’ வேலையை இன்னும் தொடங்கவே இல்லை என்பதுதான் பதில். பசி திரும்பி வருவது, முதல் ஊசிக்கு நேரம் வந்துவிட்டது என்பதற்கான அடையாளங்களில் ஒன்று.

அன்றைக்குப் போனதும் முதலில் எடை பார்ப்பார்கள். அடுத்து, கேள்விகள். ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட முடிகிறது? எத்தனை மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது? விழுங்கும்போது அடைக்கிறதா? இரவில் படுத்தால் நெஞ்செரிச்சல், இருமல் உண்டா? எவ்வளவு இறுக்குவது என்பதைத் தீர்மானிப்பதில் தராசைவிட இந்தப் பதில்களுக்கே பங்கு அதிகம். நல்ல பிள்ளை பெயர் வாங்குவதற்காக ‘ஒண்ணும் இல்லீங்க டாக்டர், நல்லா இருக்கேன்’ என்று தலையாட்டினால், அதன் விலையை வயிறுதான் கொடுக்கும்.

பிறகு மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். மருத்துவர் வயிற்றில் விரலால் அழுத்தித் தடவி போர்ட்டைத் தேடுவார். தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வார், அல்லது காலை உயர்த்தச் சொல்வார். வயிற்றுத் தசை விறைக்கும்போது தோலுக்கு அடியில் காசு அளவிலான அந்தக் கடினமான வட்டம் விரலுக்குத் தட்டுப்படும். கொழுப்பு அதிகம் இருந்தாலோ, போர்ட் திரும்பிக்கொண்டிருந்தாலோ எக்ஸ்ரே திரையில் பார்த்துத்தான் இடத்தைப் பிடிக்க முடியும். சில மையங்களில் எப்போதுமே எக்ஸ்ரே உதவியோடுதான் செய்வார்கள். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து, அது வளையத்தைத் தாண்டி எப்படி இறங்குகிறது என்றும் பார்த்துவிடுவார்கள்.

இடத்தைக் கிருமிநாசினியால் துடைத்து, ஊசி. ரத்தப் பரிசோதனைக்குக் குத்தும்போது இருக்கும் வலிதான். மரத்துப்போகும் மருந்துகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால், அது வழக்கமான ஊசி அல்ல. நுனி தனி வகையில் வளைந்த ‘ஹியூபர்’ ஊசி. வழக்கமான ஊசியால் குத்தினால் போர்ட்டின் ரப்பர் தடுப்பில் துளி அளவு துண்டு பெயர்ந்து வந்துவிடும். அந்த ஓட்டை வழியாக சலைன் கசியும். அப்புறம் போர்ட்டையே மாற்ற வேண்டி வரும். ‘தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தர் இருக்காங்க, ஊர்லயே போட்டுக்கலாம்’ என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

ஏற்றும் அளவு மிகச் சிறியது. வளையத்தின் மொத்தக் கொள்ளளவே மாடலைப் பொறுத்து 4 முதல் 14 மில்லிதான். முதல் தடவையில் அதில் ஒரு பங்கை மட்டும் ஏற்றுவார்கள். எழுந்து உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார்கள். மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். இறங்கினால் வீட்டுக்குப் போகலாம். நெஞ்சில் நின்றாலோ, திரும்பி வந்தாலோ, அங்கேயே மறுபடி ஊசி போட்டுக் கொஞ்சம் சலைனை வெளியே எடுத்துவிடுவார்கள். எல்லாம் சேர்த்து கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை. தண்ணீர் இறங்குவதைப் பார்க்காமல் அவசரப்பட்டு பஸ் ஏறிவிடக் கூடாது.

அடுத்த ஒன்றிரண்டு நாள் திரவ உணவு, பிறகு குழைந்தது, பிறகு வழக்கமானது. முதல் ஊசியிலேயே பசி அடங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பலருக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. நான்கு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முதல் ஆண்டில் பல முறை போன பிறகே சரியான இறுக்கம் பிடிபடும். அந்த நிலையில் அரை வயிறு சாப்பாட்டில் நிறைவு கிடைக்கும், வாந்தி இருக்காது, வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இறங்கும். இறுக்கம் கூடிப்போனால், திட உணவு இறங்காமல் மனிதர் தானாகவே பாயசம், ஐஸ்கிரீம், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ என்று வழுக்கிக்கொண்டு போகிறவற்றுக்கு மாறுவார். வளையம் இறுக இறுக எடை ஏறும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க’ என்று கேட்பது எப்போதும் சரியான கோரிக்கை அல்ல.

எச்சில்கூட விழுங்க முடியவில்லை, வாந்தி நிற்கவில்லை, திடீரென்று மேல்வயிற்றில் கடும் வலி என்றால் காத்திருக்கக் கூடாது. வளையம் நழுவியிருக்கலாம். அன்றே சலைனை எடுத்துத் தளர்த்த வேண்டும். கர்ப்பமானால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாந்தி அதிகம் இருந்தால் தளர்த்துவார்கள்.

களியும் இட்லியும்

வெளிநாட்டில் அச்சடித்த உணவுப் பட்டியலைத் தமிழில் மாற்றிக் கொடுத்தால் போதாது. நம் பக்கத்தில் ராகிக் களியை யாரும் மெல்வதில்லை; உருண்டை பிடித்து, குழம்பிலோ கீரையிலோ தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான் பழக்கம். வளையம் வைத்தவருக்கு அதுவே பெரிய ஆபத்து. பரோட்டா, சப்பாத்தி, பிரெட் போன்றவை மாவாகத் திரண்டு அடைக்கும். முருங்கைக்காயின் நார், கீரைத்தண்டு, சரியாக வேகாத கறித்துண்டு ஆகியவையும் அப்படித்தான். சூடான சோற்றைவிடக் குழைந்த தயிர் சோறு பலருக்கு எளிதாக இறங்கும். ஆனால் குழைவாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பை சீக்கிரம் காலியாகிவிடும், நிறைவு நிற்காது. மென்று சாப்பிடுவது என்பதை ஐம்பது வயதில் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

ஒரு தட்டுவடை செட்டை நான்கு வாயில் முடிக்கிற சேலத்துக்காரருக்கு, ஒரு இட்லியை இருபது நிமிடம் சாப்பிடச் சொல்வது சின்ன விஷயம் அல்ல. சாப்பாட்டுக்கு இடையே தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இன்னொன்று. கெடா விருந்துக்குப் போய் இலையில் பாதியை மிச்சம் வைத்தால் ‘ஏன், சமையல் புடிக்கலீங்களா?’ என்று கேட்கும் பங்காளிகளுக்குப் பதில் சொல்வது மற்றொன்று. இவற்றையெல்லாம் பேச உணவியலாளர் ஒருவர் வேண்டும்; அவருக்கு இந்த மண்ணின் சாப்பாடு தெரிந்திருக்க வேண்டும். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. டப்பா டப்பாவாகப் புரத மாவை விற்கிறார்கள். ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லாததுதான் குறை, முட்டைக்குப் பஞ்சமில்லை.

ஒரே கருவி, இரண்டு கதை

பேண்ட் ஏன் தோற்றது? ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் பால் ஓ’பிரையன் குழுவினர் 3,000க்கும் மேற்பட்டோருக்கு வளையம் பொருத்தித் தொடர்ந்து கவனித்தார்கள். 2013இல் வெளியிட்ட ஆய்வில், 15 ஆண்டுகளுக்குப் பிறகும் கூடுதல் எடையில் சுமார் 47 சதவீதம் குறைந்தே இருந்ததாகக் காட்டினார்கள். பிரஸ்ஸல்ஸில் 1990களின் நடுவில் பொருத்திக்கொண்ட 82 பேரைப் பற்றி 2011இல் வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. 12 ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வளையத்தையே கழற்ற வேண்டியிருந்தது. நாலில் ஒருவருக்கும் மேல், வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே புகுந்திருந்தது.

மெல்பர்ன் முடிவுக்குத் தொடர் கவனிப்பே முக்கியக் காரணம் என்று அந்தக் குழுவே வலியுறுத்தியது. அதற்காகக் குறையை எல்லாம் கவனிப்பின் தலையில் கட்டிவிடவும் முடியாது. அங்கேயும் பத்தில் நான்கு பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. பிரிட்டனில் பைபாஸ், பேண்ட், ஸ்லீவ் ஆகிய மூன்று எடைக்குறைப்பு அறுவை முறைகளையும் ஒப்பிட்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2025இல் வந்தபோது, மூன்று ஆண்டு எடைக் குறைப்பில் பைபாஸ் முதலிடம், பேண்ட் கடைசி. கருவியிலும் பலவீனம் இருந்தது. அதைவிடப் பெரிய பலவீனம், ஆயுள் முழுக்க வந்து போக வேண்டிய சிகிச்சையை ‘ஒரே நாளில் முடியும், வெட்டுக் கிடையாது, வேண்டாமென்றால் கழற்றிக்கொள்ளலாம்’ என்று விற்றதில் இருந்தது. தெற்கு கலிஃபோர்னியாவின் சாலையோர விளம்பரங்கள் ஆபத்துகளைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2011 டிசம்பரில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டிவந்தது.

பேண்ட் போனது, அந்த வியாபார முறை போகவில்லை. இன்று பரவலாகச் செய்யப்படுவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். திரும்ப ஒட்டவைக்க முடியாது. இதில் போர்ட் கிடையாது, ஊசி கிடையாது, இறுக்கும் வேலை கிடையாது. பேண்ட் வைத்தவர் ஊசிக்காகவாவது மருத்துவரைப் பார்க்கப் போவார். ஸ்லீவ் செய்துகொண்டவருக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. எடை இறங்குகிறது, ஆள் இளைக்கிறார், சொந்தக்காரர்கள் மெச்சுகிறார்கள். பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் மாத்திரைகள் ஆறாவது மாதத்தோடு நின்றுபோகின்றன. இரண்டு ஆண்டு கழித்துக் கால் மரத்துப்போகிறது, முடி கொட்டுகிறது, ரத்தம் குறைகிறது. காரணம் என்னவென்று இன்னொரு மருத்துவர் முதலிலிருந்து தேடத் தொடங்குகிறார்.

அடுத்த அலை, எடை குறைக்கும் ஊசி மருந்து. டிர்செபடைட் மருந்தான ‘மௌன்ஜாரோ’ 2025 மார்ச்சிலும், செமாகுளுடைட் மருந்தான ‘வெகோவி’ ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளுடைடை நிறுத்தியவர்கள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றதை ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. கத்தி, வளையம், ஊசி என்று கருவி மாறிக்கொண்டே போகிறது. உடல் பருமன் நாள்பட்ட நோய். அதற்கு ஒருநாள் வைத்தியம் கிடையாது என்பது மட்டும் மாறவில்லை.

உட்கார்ந்தே உழைக்கும் சமவெளி

தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய சுற்றில் பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. தேசிய சராசரியைவிட நாம் வெகுதூரம் முன்னே போய்விட்டோம். பெருமைப்பட வேண்டிய முன்னேற்றம் அல்ல.

நம் பகுதியின் தொழில்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்குப் பேர்போனவை; திருச்செங்கோடு ரிக் வண்டிகளுக்கு. கிளம்பினால் நாள்கணக்கில் இருக்கையிலேயே வாழ்க்கை. சாப்பாடு தாபாவில், அதுவும் நள்ளிரவில். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர்கள் குனிந்து உட்கார்ந்தே நாளைக் கழிக்கிறார்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் விடியலுக்கு முன்னே எழுந்து, இரவு வரை பெஞ்சை விட்டு எழுவதில்லை. விளையாட்டுப் பீரியடும் கணக்குக்குப் போய்விடுகிறது. இவர்களைப் பார்த்து ‘வாயைக் கட்டு’ என்று மட்டும் சொல்வது நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

லாரி ஓட்டுநரின் விஷயத்தில் இது அவர் உடம்போடு நிற்பதில்லை. கழுத்துப் பருமன் கூடியவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் வரும் வாய்ப்பு அதிகம். பலத்த குறட்டை, நடுநடுவே மூச்சுத் திணறி விழிப்பு, மறுநாள் பகலில் அடக்க முடியாத தூக்கம். இப்படிப்பட்டவர் முப்பது டன் சரக்கோடு தொப்பூர் கணவாயில் இறங்குகிறார் என்றால், அது நெடுஞ்சாலையில் போகிற எல்லோருடைய பிரச்சினை. பட்டறை தோறும் வண்டிக்கு எஃப்.சி. பார்க்கிற ஊரில், ஓட்டுநரின் குறட்டையைப் பற்றிக் கேட்க ஓர் ஏற்பாடு இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையா என்றால், கண்டிப்பாக இல்லை. உடல் எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு கணக்கிடும் பிஎம்ஐ 40ஐத் தாண்டியிருக்க வேண்டும்; அல்லது 35ஐத் தாண்டி, இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை போன்றவை இருக்க வேண்டும் என்பது காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்திருக்கும் அளவுகோல். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 35 என்பது சுமார் 90 கிலோ. 40 என்பது 102 கிலோ. ஆசியர்களுக்குச் சர்க்கரையும் இதய நோயும் குறைந்த எடையிலேயே வருவதால், 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்கள் அளவைக் கீழே இறக்கின. மருத்துவ நியாயம் இருக்கிறது. ஆனால், அளவு இறங்க இறங்க வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் முன் இளைக்கவேண்டும் என்று அழைத்துவருகிற பெற்றோரும் அந்த வரிசையில் நிற்பார்கள். தகுதியானவருக்கு இந்த சிகிச்சை உயிர் காக்கும். பலரின் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரும். தகுதி பார்ப்பதும் தொடர்ந்து பார்ப்பதும் இல்லாவிட்டால் அதே சிகிச்சை புது நோயாளியை உருவாக்கும்.

மாவட்டத்தில் என்ன வேண்டும்?

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இடம் உண்டு. ஏழைகளுக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணம் பாராட்டத்தக்கது. அதே மூச்சில் அடுத்த அடியையும் வைக்க வேண்டும். மருத்துவமனைக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆறாம் மாதம், ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு என்று நோயாளியை நேரில் பார்த்த பதிவு வந்த பிறகே விடுவிக்கலாம். கத்திக்கு மட்டும் காசு கொடுத்தால் கத்திதான் அதிகம் ஓடும்.

சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உயர் சிறப்புப் பிரிவுகளும் அங்கே உண்டு. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இரண்டிலும் அறுவை சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மருத்துவர், ஓர் உணவியலாளர், ஒரு செவிலியர் உள்ள புறநோயாளி அறை போதும். எங்கே அறுவை செய்துகொண்டவராக இருந்தாலும் வரலாம். எடை, ரத்தச் சோதனை, மாத்திரை, பேச்சு. பேண்ட் வைத்தவர்களுக்காக ஹியூபர் ஊசி நாலைந்து அலமாரியில் இருக்க வேண்டும்.

அடுத்தது அவசரப் பிரிவு. நம் ஊரில் வாந்தி என்று போனால் முதலில் ஏற்றுவது குளுக்கோஸ். எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டு வாரக்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரின் உடலில் தயமின் எனும் பி1 வற்றிப்போயிருக்கலாம். அந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை குழம்பி, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாகப் போய்விடவும் கூடும். முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ். தயமின் விலை மலிவான மருந்து. வட்டார ஆரம்பச் சுகாதார நிலையம் முதல் தனியார் கிளினிக் வரை இந்த ஒரு வரியை எழுதி ஒட்டுவதற்குச் செலவும் கிடையாது. ‘எனக்கு வயிற்றில் இந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த அட்டை ஒன்று நோயாளியின் பர்ஸில் இருந்தால், இரவு நேரத்து இளம் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டு வாசலுக்கே போகிற ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையோடு வீடு தேடி வருகிறது. அந்தப் பணியாளர்களின் பதிவேட்டில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம்: எடைக்குறைப்பு அறுவையோ ஊசியோ எடுத்திருக்கிறீர்களா? மாத்திரை ஒழுங்காகப் போகிறதா? ஓட்டுநர்களுக்கு லாரி உரிமையாளர் சங்கங்களோடு சேர்ந்து குறட்டைப் பரிசோதனை முகாம் நடத்தலாம். கண் பரிசோதனை முகாம்களுக்குப் பந்தல் போடுகிற சங்கங்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

அரசு இதையெல்லாம் செய்யும்வரை நோயாளி காத்திருக்க முடியாது. அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை வர வேண்டும், அதற்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? நள்ளிரவில் வாந்தி எடுத்தால் எந்த எண்ணுக்குப் பேசுவது, எடுப்பவர் யார்? எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இந்த வயிற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார்? நல்ல மையங்கள் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும். கேட்டதற்காக மதிக்கவும் செய்யும். தள்ளுபடி விலையையும் ‘முன்-பின்’ படங்களையும் மட்டும் காட்டுகிற இடமாக இருந்தால், எழுந்து வந்துவிடுங்கள். கூடுதல் எடையோடு இன்னும் ஆறு மாதம் இருக்கலாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வயிற்றோடு ஆயுள் முழுக்க இருக்க முடியாது.